இரண்டாயிரம் குறைத்தால் விற்றுவிடுமா?

கேள்வி: சேலத்தில் ஒன்பது வருடமாக மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் கடையில் ஒரு பக்கத்தை ஒதுக்கி கேம் சாதனங்களும் விற்க ஆரம்பித்தேன். பழைய பிஎஸ் 4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்) வாங்கி, பிரித்துச் சரிசெய்து, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்று, ஹெட்செட், கூலிங் ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய்க்குத் தருகிறேன். எனக்கு அடக்கமே 16,800 ஆகிறது. அதில் ஹெட்செட்டும் ஸ்டாண்டும் மட்டும் 1,800. எதிர்க் கடையில் வெறும் பிஎஸ் 4-ஐ 18,500-க்குக் கொடுக்கிறார்கள். என்னிடம் ஏழு பீஸ் தேங்கி நிற்கிறது. தீபாவளிக்கு இரண்டாயிரம் குறைத்தேன். இரண்டு போனது. ஆனால் அதற்கு முந்தைய மாதம் முழு விலை கொடுத்து வாங்கிய மூன்று பேர் வந்து சண்டை போட்டார்கள். இப்போது 17,999 என்று போட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? புது பிஎஸ் 5-ம் ஒன்று வைத்திருக்கிறேன். விலையைக் கேட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள். கடையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 17,999 போடாதீர்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடக்கம் 16,800 என்றால், அந்த விலையில் ஒரு பீஸுக்கு நிற்பது கிட்டத்தட்ட 1,200 ரூபாய். ஏழையும் விற்றுத் தீர்த்தால் 8,400. இன்றைய விலையான 21,000-க்கு இரண்டே இரண்டு விற்றாலே அந்த 8,400 வந்துவிடும். மீதி ஐந்து அலமாரியில் தூசி தின்னுமே என்று கேட்பீர்கள். நியாயம்தான், போட்ட முதல் முடங்குவது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் நீங்கள் 17,999 என்று எழுதி ஒட்டிய மறுநாள் காலையில் எதிர்க் கடைக்காரர் 17,500 என்று எழுத மாட்டார் என்று நினைக்கிறீர்களா? அவர் சர்வீஸ் செய்யாமல் வாங்கி அப்படியே விற்கிறவராக இருந்தால் அவருடைய அடக்கம் உங்களுடையதைவிடக் குறைவு. விலையில் மட்டும் மோதினால் முதலில் கை கடிப்பது உங்களுக்குத்தான்.

விலைதான் காரணமா என்பதே எனக்குச் சந்தேகம். சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவர் கடையில் ஒரு சனிக்கிழமை அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓர் அப்பா, கூடவே பன்னிரண்டு வயது இருக்கும் பையன். பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மாடல், எத்தனை ஜிபி என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தான். அப்பா டப்பாவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஸ்டிக்கரில் விலையைப் பார்த்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பிறகு மூன்று கேள்வி கேட்டார். "ரெண்டு பேர் சேர்ந்து விளையாட முடியுமா?" வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது போல. "இதுக்கு அப்புறம் தனியா எதுவும் வாங்கணுமா?" கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "ரிப்பேர் ஆனா யாரு பார்ப்பாங்க?" விலையைக் குறைக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரர்தான் பதறிப்போய் "சார், ஐந்நூறு குறைச்சுக்கலாம்" என்றார். அப்பா டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் தள்ளுபடி வந்தால், பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே தோன்றும்?

அந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகள் பட்ட பாட்டைப் பார்த்தால் உங்கள் ஏழு பீஸுக்கும் வழி கிடைக்கும்.

விலைக் குறைப்பு என்றதும் எல்லோரும் சொல்வது ஜப்பானிய கேம் கம்பெனியான நின்டெண்டோவின் 3டிஎஸ் கதை. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் தெரியும் கையடக்கக் கருவி. அதற்கு முந்தைய கருவியான டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்ற வண்டி, ஆகவே இதுவும் பறக்கும் என்று நினைத்தார்கள். பறக்கவில்லை. ஜூலை கடைசியில், கடைக்கு வந்து நான்கே மாதத்தில், விலையை 170 டாலருக்கு இறக்கப்போவதாக அறிவித்தார்கள். எண்பது டாலர் ஒரே வெட்டு. ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000. தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். கடைசியில் 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. "பார்த்தீர்களா, விலையைக் குறைத்தார்கள், விற்றது" என்று கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த 250 டாலரைக் கடையில் நின்று பார்த்தவர் கண்ணில் பட்டது என்ன? பக்கத்திலேயே, தூரத்திலிருந்து பார்த்தால் அதே மாதிரி மடங்குகிற பழைய டிஎஸ், குறைந்த விலையில், நூற்றுக்கணக்கான கேம்களோடு. புதியதில் முப்பரிமாணம் இருக்கிறது, ஆனால் விளையாட, நின்டெண்டோவின் பெயர்போன கேமான மாரியோ பெரிதாக எதுவும் இல்லை. அதில் கேம் வாங்கும் ஆன்லைன் கடையே ஜூனில்தான் திறந்தது. விலை குறைந்த பிறகு, அந்த வருடம் நவம்பரிலும் டிசம்பரிலும் புது மாரியோவும் மாரியோ கார்ட்டும் வந்தன. வண்டி நிஜமாக ஓட ஆரம்பித்தது அப்போதுதான். விலைக் குறைப்பு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே கூட்டி வந்தது கேம். உங்களிடம் வரப்போகிற மாரியோ எது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் குறைக்கும் விலை வெறும் நஷ்டம்.

இந்தக் கதையில் உங்களுக்கு நேரடியாக உதவும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 250 டாலர் கொடுத்து ஏற்கெனவே வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். நின்டெண்டோ அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'தூதர்' என்று ஒரு பட்டம் கொடுத்து, பழைய கேம்கள் இருபதை இலவசமாகத் தந்தது. அந்தக் கேம்கள் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தவை. கொடுக்க ஆன செலவு சொற்பம். வாங்கியவருக்கோ, தனக்கு மட்டும் கிடைத்த பொருள். எண்பது டாலர் இழப்பை அது முழுதாக ஆற்றிவிடவில்லை, ஆனாலும் ஏமாந்தவன் என்ற உணர்வை மாற்றியது. உங்கள் கடைக்கு வந்து சண்டை போட்ட மூன்று பேரின் கோபமும் அந்த இரண்டாயிரத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அவசரப்பட்டு வாங்கி ஏமாந்துவிட்டோம் என்று வீட்டில் பேச்சு வாங்கியிருப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் 21,000. அதில் ஹெட்செட்டும் ஸ்டாண்டும் இருக்கின்றன, எதிர்க் கடையில் இல்லை. அதனால் உங்களுடையது நியாயமான விலை என்கிறீர்கள். கணக்குப்படி நியாயம்தான். மைக்ரோசாஃப்டும் 2013-இல் இதையேதான் சொன்னது. அந்த நவம்பரில் சோனியின் பிஎஸ் 4 அமெரிக்காவில் 399 டாலர். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், ஆனால் கினெக்ட் என்ற கேமரா கூடவே வந்தது. கேமராவுக்கு நூறு டாலர் தகாத விலை இல்லை. ஆனால் கேட்டவர் யார்? விளையாட வந்தவருக்கு அது டிவி மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புக் கட்டை. அவர் மனதில் ஓடியது ஒரே கணக்கு: இது நூறு டாலர் கூட. 2014 ஜூனில் கேமராவைக் கழற்றிவிட்டு 399-க்கு விற்க ஆரம்பித்தார்கள். அந்த மாத அமெரிக்க விற்பனை மே மாதத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. அதற்குள் சோனி முன்னால் போய்விட்டது என்பது வேறு கதை.

உங்கள் ஹெட்செட்தான் உங்கள் கினெக்ட். கழற்றிவிடுங்கள். அடக்கம் 15,000-க்கு வந்துவிடும். எதிர்க் கடையின் அதே 18,500-க்கு விற்றாலும் 3,500 நிற்கும். 17,999 யோசனையில் நின்றதைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஹெட்செட்டைத் தனியாகக் கண்ணாடிக்குள் வையுங்கள். வேண்டுகிறவர் கேட்டு வாங்குவார். அதற்குப் பதிலாக இரண்டாவது பலகை ஒன்று எழுதுங்கள்: இரண்டு கன்ட்ரோலர், இரண்டு பழைய கேம் டிஸ்க், 20,500 ரூபாய். கன்ட்ரோலர் நீங்களே சர்வீஸ் செய்த பழையதாக இருக்கட்டும், பழையது என்று சொல்லியே கொடுங்கள். ஹெட்செட் ஒரு ஆளுக்கு. இரண்டாவது கன்ட்ரோலர் அந்த வீட்டின் இன்னொரு பிள்ளைக்கு. அப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் டிஸ்க்கில் இருக்கிறது: வீட்டுக்குப் போய் மாட்டினால் அன்றைக்கே விளையாடலாம், வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ என்ற கன்சோல் அதைத்தான் செய்தது. 250 டாலர் டப்பாவுக்குள்ளேயே டென்னிஸும் பௌலிங்கும் இருந்தன, கையை வீசினால் பந்து போனது. பாட்டிகூட விளையாடினார். அதே மாதம் வந்த பிஎஸ் 3-இன் பெரிய மாடல் 599 டாலர். வேடிக்கை என்னவென்றால், ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிஎஸ் 3-ஐப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, அதைச் செய்யவே சுமார் 840 டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. அதாவது சோனி கைக்காசு போட்டு விற்றது. உள்ளே புளூ-ரே (உயர்தரப் படம் ஓடும் டிஸ்க்) பிளேயர் இருந்தது. தனி புளூ-ரே பிளேயரே அன்றைக்கு அதைவிட விலை. பொருளின் மதிப்பை வைத்துப் பார்த்தால் பிஎஸ் 3 வாங்கியவருக்குத்தான் லாபம். ஆனால் வீட்டில் புளூ-ரே டிஸ்க்கே இல்லாதவர் அந்த லாபத்தை எங்கே போய்ப் பார்ப்பார்? வீ பத்துக் கோடியைத் தாண்டியது. பிஎஸ் 3 எழுந்து நிற்க 2009-இல் 299 டாலர் மெலிந்த மாடல் வர வேண்டியிருந்தது.

தனியாக வாங்க வேண்டியது எவ்வளவு வலிக்கும் என்பதற்கு சோனியின் கையடக்க வீட்டா போதும். 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் 250 டாலர், அருமையான திரை. ஆனால் அதற்கென்றே செய்த மெமரி கார்டைத்தான் போட வேண்டும். 32 ஜிபி கார்டு நூறு டாலர். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்பார்கள். இங்கே அங்குசமே கால் யானை விலைக்கு மேல்!

மலிவாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு இரண்டு பெயர் சொல்வேன். 2003 செப்டம்பரில் நின்டெண்டோவின் கேம்கியூப் அமெரிக்காவில் 99 டாலருக்கு இறங்கியது. விற்பனை அந்தப் பண்டிகைக் காலத்தில் ஏறியது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கில் அது நின்றது 2 கோடியே 17 லட்சத்தில். அதைவிட விலை கூடிய பிஎஸ் 2 சுமார் 16 கோடி விற்றது, ஏனென்றால் அது டிவிடி படமும் காட்டியது. அப்பாவுக்கும் அதில் பங்கு இருந்தது. இன்னொன்று ஊயா. 2013-இல் அதுவும் 99 டாலர்தான். மொபைல் கேம்களை டிவியில் விளையாடும் சின்ன டப்பா. அந்தக் கேம்கள் ஏற்கெனவே கையிலிருக்கும் போனில் ஓடின. அதற்கு 99 டாலர் எதற்கு என்று ஜனங்கள் போய்விட்டார்கள்.

உங்கள் படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். பிஎஸ் 4 இருக்கும் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள்: 500 ஜிபி, 8 ஜிபி ரேம், 1.84 டெராஃப்ளாப். சரியான தகவல்தான், ஆனால் அதைப் படித்து யாருக்குக் கை அரிக்கும்? 1989-இல் வந்த கேம் பாய்க்கு வண்ணத் திரைகூடக் கிடையாது, வெளிறிய பச்சைதான். அமெரிக்காவில் 90 டாலர், டப்பாவுக்குள் டெட்ரிஸ் கேம், நான்கு பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். இரண்டு வருடம் கழித்து சேகா கம்பெனியின் கேம் கியர் வண்ணத்தோடு 150 டாலருக்கு வந்து, ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. தாளில் எழுதினால் கேம் கியர்தான் ஜெயிக்கும். பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போனவர் கேம் பாயைத்தான் வாங்கினார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ஒரு பழைய டிவியை வையுங்கள். பிஎஸ் 4-இல் ஒரு கிரிக்கெட் அல்லது ஃபுட்பால் கேமை ஓடவிட்டு, இரண்டு கன்ட்ரோலரை வெளியே வையுங்கள். வருகிற பிள்ளைகள் பத்து நிமிடம் விளையாடட்டும், பரவாயில்லை.

மூன்றாவது கேள்விதான் உங்கள் சொத்து. "ரிப்பேர் ஆனா யாரு பார்ப்பாங்க?" ஒன்பது வருடமாக சர்வீஸ் செய்கிறவர் நீங்கள். எதிர்க் கடையில் இதற்குப் பதில் இருக்கிறதா? ஆனால் உங்கள் பலகையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை! பழைய சாதனம் வாங்குகிறவரின் பெரிய பயம் நாளைக்கே நின்றுவிடுமோ என்பது. நீங்கள் ஒவ்வொரு பீஸையும் பிரிக்கும்போது ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைப் படம் எடுங்கள், சுத்தம் செய்து சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் போட்டபின் இன்னொரு படம். டிவி கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் ஆடவில்லை என்று அவர் முன்னாலேயே கேபிளை மாட்டிக் காட்டுங்கள். இரண்டு படத்தையும் அவர் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டு, பில்லில் ஆறு மாத வாரன்டி என்று கையால் எழுதிக் கொடுங்கள். ஒரு பீஸுக்கு 500 ரூபாய் வாரன்டி செலவுக்காகத் தனியே எடுத்து வைத்தாலும் 3,000 நிற்கிறது. இதைச் செய்தபின் அதே 18,500-தான், ஆனால் இரண்டு கடையிலும் விற்பது ஒரே பொருள் இல்லை.

புது பிஎஸ் 5-ஐப் பற்றி: விற்காவிட்டாலும் அதை எடுத்துவிடாதீர்கள். ஒரு விலை பெரிதா சிறிதா என்பது பக்கத்தில் என்ன விலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் கன்சோலுக்கு 399 டாலர் என்று அறிவித்தது. அடுத்து சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கில் கைதட்டல். சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் என்ன இருக்கிறது என்று அவர் விளக்கவே இல்லை. 399 என்ற எண் அவருக்காக முன்பே அங்கே உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு அந்த வேலையை பிஎஸ் 5 செய்யும். இந்தியாவில் அது 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 கடைசியில் 54,990 ஆக ஏறியது. வயதாக ஆக கன்சோல் விலை இறங்கும் என்பது போய், ஏறுகிற காலமாகிவிட்டது. அதன் பக்கத்தில் வைத்தால் 18,500 மலிவாகத் தெரியும். எதிர்க் கடையின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் வெறும் 18,500-தான்.

ஆன்லைனில் வாங்குகிறவரோடு சண்டை வேண்டாம், போகட்டும். ஆனால் விலை கேட்க வரும்போது ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் இந்தியாவுக்கு வந்தபோது சரியாகப் பத்தாயிரம் குறைவு. பார்க்க லாபம். ஆனால் அதில் பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கவும் முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. இதை முகத்துக்கு நேரே சொன்ன கடைக்காரரை மறக்க மாட்டார்கள். டிஸ்க் மாடலை எங்கே வாங்கினாலும் டிஸ்க்குக்கு உங்களிடம்தான் வருவார்கள். பழைய டிஸ்க் வாங்கி விற்க, மாற்றிக் கொடுக்க ஒரு அலமாரி போடுங்கள். கன்சோல் செய்கிற கம்பெனிகளே டப்பாவில் விட்டதைக் கேமில்தான் எடுக்கின்றன. உங்களுக்கும் கல்லா நிறைவது அங்கேதான்.

இவ்வளவும் செய்து, பரீட்சை முடிந்து மே மாதம் கடக்கும்வரை பாருங்கள். கோடை விடுமுறையிலும் ஏழில் நான்குகூடப் போகவில்லை என்றால் அப்போது குறைக்கலாம். குறைத்தால் ஒரே தடவையில் குறையுங்கள். மாதம் ஐந்நூறு ஐந்நூறாக இறக்கினால், இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். பலகையில் "கடந்த 30 நாளில் வாங்கியவர்களுக்கு வித்தியாசத்துக்கு டிஸ்க் இலவசம்" என்று சேர்த்தே எழுதுங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. சண்டை போட்ட அந்த மூன்று பேரின் நம்பர் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு டிஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபேனையும் ஒரு முறை இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். எந்த டிஸ்க் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.